வினாத்தாளா, பரந்த வாசிப்பா, சொற்பட்டியலா? ஆங்கில வாசிப்புப் புரிதல் தேர்வுக்கு எந்த வழி யாருக்கு?

ஆங்கில வாசிப்புப் புரிதல் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மாதிரி வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கட்டுமா, நிறையக் கட்டுரைகள் படிக்கட்டுமா, சொற்களை மனப்பாடம் செய்யட்டுமா?" மூன்றும் பயன் தருபவை. ஆனால் கையில் இருக்கும் எட்டுப் பத்து வாரங்களை மூன்றுக்கும் சரிசமமாகப் பங்கு போட்டவர்கள் மூன்றிலும் பாதி வழியில் நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எதற்கு முதலிடம் என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை ஊகத்தின் பேரில் எடுக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் அளந்து பார்த்துவிடலாம்.

இதுவரை கண்ணில் படாத முழு வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தேர்வறையில் எழுதுவதைப் போலவே எழுதுங்கள். முடிந்ததும் விடைகளைச் சரிபார்க்காதீர்கள். சிறிது ஓய்வுக்குப் பிறகு அதே தாளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மீண்டும் படித்து, மாற்றத் தோன்றும் விடைகளை வேறு நிற மையில் குறியுங்கள். மூன்றாவது முறை அகராதியோடு உட்காருங்கள். தெரியாத சொற்கள் எல்லாவற்றுக்கும் பொருள் பார்த்துவிட்டு, இன்னொரு நிறத்தில் விடைகளைத் திருத்துங்கள். அதன் பிறகே விடைத்தாளைத் திறக்க வேண்டும். இப்போது உங்களிடம் மூன்று மதிப்பெண்கள் இருக்கும்.

40 வினாக்கள் கொண்ட தாளில் மூன்று பேர் முதல் முறை 22 எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 22, 34, 35 என்று வருகிறது. அவருக்கு ஆங்கிலமும் தெரியும், யோசிக்கவும் தெரியும், நேரம்தான் போதவில்லை. இரண்டாமவருக்கு 22, 24, 33. அவரைத் தடுப்பது சொற்கள். மூன்றாமவருக்கு 22, 24, 26. நேரம் கொடுத்தாலும், அகராதி கொடுத்தாலும் அவர் அசையவில்லை. வாக்கியங்களின் அமைப்பிலோ, விடைகளில் வைக்கப்பட்டிருக்கும் பொறிகளிலோ அவர் சிக்கியிருக்கிறார். மூவருக்கும் மதிப்பெண் அட்டையில் ஒரே எண்தான் இருக்கும். மூவருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் இருவருக்கு அநியாயம் செய்கிறோம். இரண்டாம் முறை படிப்பதாலேயே ஓரிரு விடைகள் கூடுவது இயல்பு. எனவே ஒன்றிரண்டு மதிப்பெண் வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு, ஐந்துக்கு மேல் போகும் இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும்.

வினாத்தாள் பயிற்சி

மூன்றாவது வகையினருக்கு இதுவே முதல் வழி. முதல் வகையினருக்கும் பெருமளவு உதவும். தேர்வின் வடிவம் பழகிப்போவதே ஒரு பெரிய ஆதாயம். வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ விரும்புவோர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடம், 40 வினா, மூன்று நீண்ட பத்திகள். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்காகக் கணினி வழி நடக்கும் எஸ்ஏடி தேர்வின் வாசிப்பு, எழுத்துப் பகுதியிலோ 64 நிமிடத்தில் 54 வினாக்கள். ஒவ்வொரு வினாவுக்கும் 25 முதல் 150 சொற்கள் வரையிலான ஒரு குறும்பத்தி. பணியிட ஆங்கிலத்தைச் சோதிக்கும் டோயிக் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 75 நிமிடத்துக்கு 100 வினாக்கள். அவற்றில் 54 வினாக்கள் மின்னஞ்சல், அறிவிப்பு, கட்டுரை போன்றவற்றைப் படித்து விடையளிப்பவை. ஒன்றுக்குப் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும்.

வடிவங்கள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் ஆங்கிலத் தேர்வான டோஃபலின் வாசிப்புப் பகுதி 2023 ஜூலையில் இரண்டு பத்திகள், 20 வினாக்கள், 35 நிமிடம் என்று சுருங்கியது. 2026 ஜனவரியில் மறுபடியும் மாற்றப்பட்டது. முதுநிலைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வும் 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டது. ஆகவே யாரோ கொடுத்த பழைய வழிகாட்டி நூலை நம்பிப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் அதன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். பத்திகள் என்றும் பயன்படும்; நேரக் கணக்கு பயன்படாமல் போகலாம்.

இந்த வழியின் உண்மையான பலன் எங்கே இருக்கிறது என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். ஒரு பத்தி இப்படிச் சொல்கிறது: "ஏரியில் மீன்கள் குறைந்ததற்கு மீன்பிடிப்பே காரணம் என்று முதலில் எண்ணினார்கள். பின்னர் எடுத்த கணக்கில், மீன்பிடிக்கத் தடை இருந்த பகுதிகளிலும் சில இனங்கள் குறைந்திருப்பது தெரியவந்தது. நீரின் வெப்பநிலை உயர்ந்ததற்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள்." ஆய்வாளர்களின் இப்போதைய கருத்து எது என்பது வினா. நான்கு விடைகள்:

அ. மீன்கள் குறைந்ததற்கும் மீன்பிடிப்புக்கும் தொடர்பு இல்லை.
ஆ. நீரின் வெப்பநிலை உயர்ந்ததே மீன்கள் குறையக் காரணம்.
இ. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு ஏரிகளின் உயிர்ச்சூழலைப் பாதிக்கிறது.
ஈ. மீன்கள் குறைந்ததை மீன்பிடிப்பு ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது.

விடை 'ஈ'. ஆனால் அவசரத்தில் பலர் 'ஆ'வைத் தொடுகிறார்கள். பத்தியில் "பங்கு இருக்கலாம்" என்று இருந்தது, விடையில் "காரணம்" என்று உறைந்துவிட்டது. 'பங்கு' முழுமையாகிவிட்டது, 'இருக்கலாம்' உறுதியாகிவிட்டது. ஒரே வரியில் இரண்டு திரிபுகள். 'அ'வில் இருப்பது மிகை: தடைப் பகுதியிலும் மீன் குறைந்தது என்பதால் மீன்பிடிப்புக்குத் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. 'இ'தான் மிகவும் ஆபத்தானது. அது உலகத்தில் உண்மை; இந்தப் பத்தியில் இல்லை. நிறையப் படித்தவர்களே இதில் விழுகிறார்கள். சரியான விடையைப் பாருங்கள். பத்தியில் உள்ள ஒரு வாக்கியத்தைக்கூட அப்படியே எடுத்துச் சொல்லவில்லை. அடக்கமான, சற்றுச் சப்பென்ற வாக்கியம். நன்றாக எழுதப்பட்ட தேர்வுகளில் சரியான விடை பல நேரம் இப்படித்தான் ஒதுங்கி நிற்கும். பத்தியின் சொற்களைத் திருப்பிச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பவை தவறான விடைகளாக இருக்கும்.

ஆகவே வினாத்தாள் பயிற்சி என்றால் தாளை எழுதுவது அல்ல. எழுதிய பின் அதனோடு உட்கார்வது. ஒரு மணி நேரம் எழுதினால் இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: சரியான விடைக்கு ஆதாரமான வரி எது, நான் தேர்ந்த விடையில் எந்தச் சொல் பொய், அப்போது ஏன் அது எனக்குச் சரியாகப் பட்டது. மூன்றாவதை எழுதத்தான் மனம் கூசும். அதை எழுதியவர்கள்தான் முன்னேறுகிறார்கள். தற்செயலாகச் சரியாகப் போன விடைகளையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு தாள்களுக்குப் பிறகு உங்கள் தவறுகள் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள். நாள் ஒன்றுக்கு ஒரு தாள் என்று முப்பது தாள்களை எழுதித் தள்ளிவிட்டு மதிப்பெண் மட்டும் குறித்துவைத்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். முதல் தாளில் எடுத்த மதிப்பெண்ணையே முப்பதாவது தாளிலும் எடுத்தார். அவருடைய உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

இந்த வழிக்கு ஒரு எல்லையும் உண்டு: நல்ல தாள்கள் குறைவு. தேர்வை நடத்தும் நிறுவனங்கள் வினாக்களை முன்கூட்டியே தேர்வர்களிடம் சோதித்துப் பார்த்து, குழப்பம் தருபவற்றை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகின்றன. மற்றவர்கள் அவசரமாக எழுதி விற்கும் மாதிரித் தாள்களில் இரண்டு விடைகள் சரியாகப் படும் வினாக்கள் தாராளமாக வரும். அவற்றை வைத்து உங்கள் தர்க்கத்தைத் திருத்த முயன்றால், சரியாக இருந்த தர்க்கமும் கோணலாகும். அதிகாரபூர்வமான தாள்களைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்.

பரந்த வாசிப்பு

மெதுவான வழி, எனக்குப் பிடித்த வழியும் இதுதான். அதனாலேயே இதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்தில் தேர்வு என்றால் இதனால் மதிப்பெண் உயராது. மூன்று மாதம் இருந்தால் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது.

சொல்லறிவைப் பற்றி ஆராய்ந்த பால் நேஷன், நாவல், செய்தித்தாள் போன்றவற்றைத் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள அதில் வரும் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவை வைத்து, அதற்கு 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006ஆம் ஆண்டில் கணக்கிட்டார். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். இந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். இதிலிருந்து கைக்கு எட்டும் ஒரு விதி கிடைக்கிறது: 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் ஆறு சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால், அந்த நூல் இன்று உங்களுக்குக் கடினம். அதைவிட எளிய ஒன்றை எடுங்கள். தரமான ஏட்டின் தலையங்கத்தை வலிந்து படித்து, வரிக்கு வரி அகராதி புரட்டி, ஒரு வாரத்தில் கைவிட்டவர்கள் ஏராளம். படிப்பது ஓட வேண்டும்; ஓடினால்தான் வேகம் பிறக்கும்.

தமிழ் வழியே சிந்திக்கும் நமக்கு இந்த வாசிப்பு இன்னொன்றையும் தருகிறது. தமிழில் பெயருக்குரிய அடை அனைத்தும் பெயருக்கு முன்னால் வந்துவிடும்: "நேற்று மழையில் நனைந்த, இன்னும் காயாத புத்தகம்". ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வரும். நனைந்ததும் காயாததும் அதன் பின்னால் தொடரும். தமிழில் வினைமுற்று கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்துவைக்கும். ஆங்கிலத்தில் வினை முன்பே வந்துவிட, நிபந்தனைகளும் விலக்குகளும் பின்னால் நீளும். மனத்துக்குள் தமிழாக்கம் செய்துகொண்டே படிப்பவர் வாக்கியத்தின் கடைசிவரை போய், பிறகு முதலுக்குத் திரும்புகிறார். ஒவ்வொரு நீண்ட வாக்கியத்தையும் இரண்டு முறை நடக்கிறார். எந்தச் சொற்பட்டியலும் இதைச் சரி செய்யாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கண்வழியே போனால்தான், வருகிற வரிசையிலேயே பொருளை வாங்கிக்கொள்ளும் பழக்கம் வருகிறது.

பின்னணி அறிவும் ஒரு காரணம். டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்புத் திறன் குறைவாக இருந்தும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், வாசிப்புத் திறன் மிகுந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டு நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வுப் பத்திகள் பெரும்பாலும் உயிரியல், தொல்லியல், பொருளியல், கலை வரலாறு போன்ற துறைகளைச் சுற்றியே வருகின்றன. ஒரு வாரம் முழுவதும் ஒரே துறையைப் பற்றி ஐந்தாறு கட்டுரைகள் படியுங்கள். அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது கட்டுரையிலேயே வேகம் கூடுவதை உணர்வீர்கள்.

வேக வாசிப்புப் பயிற்சி என்று விற்கப்படுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கீத் ரெய்னரும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, வேகத்தை வலிந்து கூட்டினால் புரிதல் குறையும் என்பதைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலத்தில் அபுனைவு நூல்களை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று மார்க் பிரிஸ்பேர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். ஆயிரம் சொற்கள் என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

சொற்பட்டியல்

அகராதியோடு எழுதிய மூன்றாம் மதிப்பெண் திடீரென்று ஏறியவருக்கு இது. தொடங்க நல்ல இடம், எவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல். 570 சொற்குடும்பங்கள், கல்விசார் ஆங்கில உரையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அவை நிரப்புகின்றன. நாளுக்குப் பத்து என்றால் 57 நாள். சொல்லையும் தமிழ்ப் பொருளையும் எதிரெதிரே எழுதி மனப்பாடம் செய்வதைவிட, சொல் வரும் வாக்கியத்தை எழுதி, பொருளை மறைத்து, நினைவிலிருந்து எடுக்க முயலுங்கள். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுச் சோதியுங்கள்.

ஜிஆர்இ எழுதுபவருக்கு அரிய சொற்களும் தேவைப்படும். மற்றவர்கள் அரிய சொல்லுக்கு அலைவதற்கு முன் சிறிய சொற்களைக் கவனிக்க வேண்டும். 'ஹவெவர்', 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'ராதர் தேன்', 'லார்ஜ்லி', 'மே'. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் மேலே பார்த்த ஏரி வினாவில் விடையை மாற்றியது இப்படிப்பட்ட ஒரு சிறு சொல்தான்.

வகுப்பா, தனியாகவா?

தவறிய வினாவுக்கு ஆதார வரியைத் தாமாகவே கண்டுபிடிக்க முடிகிறவர் தனியாகப் படிக்கலாம். விடையைப் பார்த்த பிறகும் "இது எப்படிச் சரி?" என்று நிற்பவருக்கு ஆசிரியர் வேண்டும். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று ஆசிரியர் வரியைக் காட்டி விளக்குகிறாரா? அது ஒன்றே அளவுகோல். நான் ஒருமுறை பார்வையாளராக இருந்த வகுப்பில், "'ஆல்', 'நெவர்' என்ற சொற்கள் இருந்தால் அந்த விடை தவறு" என்று சூத்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தியே "ஒருபோதும் இல்லை" என்று சொல்லும்போது அந்தச் சூத்திரம் மாணவரைக் கைவிட்டுவிடும். பத்தியைப் படிக்காமலேயே விடையை ஊகிக்க முடியுமா என்பதை ஸ்டூவர்ட் காட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் பழைய எஸ்ஏடி வினாக்களை வைத்துச் சோதித்தபோது, குருட்டாம்போக்கில் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே மாணவர்கள் விடை சொன்னார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திறமை உங்களைக் கொண்டுபோய் விடும் தூரம் குறைவு.

செலவில்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒரே தேர்வை எழுதும் ஒருவரோடு சேர்ந்து, வாரம் ஒருமுறை, விடைத்தாளைப் பார்க்காமல் விவாதியுங்கள். "எந்த வரி?" என்ற கேள்வியை மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருங்கள். சராசரியான வகுப்பைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து.

தேர்வறையில் எடுக்க வேண்டிய முடிவுகள்

பத்தியை முதலில் படிப்பதா, வினாவை முதலில் படிப்பதா என்ற சண்டைக்குப் பொதுவான தீர்ப்பு கிடையாது. எஸ்ஏடியில் ஒரு குறும்பத்திக்கு ஒரே வினா. சராசரியாக 71 விநாடி. அங்கே வினாவை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். நீண்ட பத்திக்கு ஏழெட்டு வினாக்கள் வரும் தேர்வில் எல்லா வினாக்களையும் முன்கூட்டிப் படித்துத் தலையில் சுமப்பது வீண். பத்தியை ஒழுங்காக ஒருமுறை படியுங்கள். ஐஇஎல்டிஎஸ் கல்விப் பிரிவின் மூன்று பத்திகளும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள். நிமிடத்துக்கு 150 சொற்கள் என்ற நிதானமான வேகத்திலும் அதிகபட்சம் 18 நிமிடத்தைச் சற்றே தாண்டும். மீதி ஏறத்தாழ 41 நிமிடம் வினாக்களுக்கு. எனவே அங்கே நேரம் போதவில்லை என்பவர்கள் பெரும்பாலும் படிப்பதில் நேரத்தை இழப்பதில்லை. ஒரே பத்தியை ஐந்து முறை தேடுவதில் இழக்கிறார்கள். பத்தியின் ஓரத்தில் இரண்டு சொல்லில் குறிப்பு எழுதும் பழக்கம் அந்தத் தேடலைக் குறைக்கும்.

ஊகித்து விடையளிப்பதற்கு விதிமுறையைப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ், எஸ்ஏடி இரண்டிலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒரு வினாவையும் வெறுமையாக விடக் கூடாது. சரியான விடைக்கு 3, தவறுக்கு ஒன்று கழிவு என்று இருக்கும் தேர்வில் நான்கில் ஒன்றைக் கண்மூடித் தொட்டால் சராசரி ஆதாயம் சுழியம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் அது வினாவுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண்ணாக உயரும். இரண்டை நீக்கினால் ஒரு மதிப்பெண். முதலில் தோன்றிய விடையை மாற்றாதே என்று சொல்வார்கள். ஜஸ்டின் குரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், திருத்தப்பட்ட விடைகளில் தவறிலிருந்து சரிக்குப் போனவையே அதிகம். ஆதார வரி கண்ணில் பட்டால் தயங்காமல் மாற்றுங்கள்.

கையில் உள்ள காலத்தை எப்படிப் பிரிப்பது?

பன்னிரண்டு வாரம் இருந்தால் முதல் ஏழு வாரம் தினமும் 40 நிமிட வாசிப்பு, 15 நிமிடம் சொற்கள், வாரம் ஒரே ஒரு வினாத்தாள். பிறகு வினாத்தாளை வாரத்துக்கு மூன்றாக்கி, சொற்களை மீள்பார்வையோடு நிறுத்துங்கள். ஆறு வாரம் என்றால் முதல் நாள் அளவீட்டில் பெரிதாக வந்த இடைவெளிக்குப் பாதி நேரத்தைக் கொடுங்கள். இரண்டு வாரம்தான் என்றால் நான்கு அதிகாரபூர்வத் தாள்கள், அவற்றுக்கான பிழைக் குறிப்பேடு, இணைப்புச் சொற்கள், இவ்வளவே போதும். புதிய சொற்பட்டியலை அந்த இரண்டு வாரத்தில் தொடங்காதீர்கள்.

எந்தக் காலத் திட்டமானாலும் தொடாத தாள்கள் இரண்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்று பாதி வழியில் மூன்று நிற மையோடு மறுபடி அளப்பதற்கு. முதலில் நேரத்தால் தோற்றவர் இப்போது பொறிகளால் தோற்றுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் மறுநாளிலிருந்தே வழியை மாற்ற வேண்டும். இரண்டாவது, தேர்வுக்கு நான்கைந்து நாள் முன்பு, தேர்வு நடக்கும் அதே நேரத்தில், கடிகாரத்தோடு எழுதுவதற்கு.